ஒன்றும் தெரியாத பிள்ளைகள்

உடங்கரையில் பிள்ளைகளின் காது அடைபட்ட அன்று பேச்சிக்கனி பீடி இலை பரப்பிய சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனின் அக்காள் அன்னக்கொடி வாசலில் நின்றபடி, ஆண்பிள்ளை பெறாத வயிற்றைப் பற்றியும், அந்த வயிற்றைப் பெற்ற வயிற்றைப் பற்றியும், அதற்கும் முந்திய வயிறுகளைப் பற்றியும் தெருவுக்கே கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் எட்டு வயது வடிவு கால் நீட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். மற்ற நாளென்றால் அன்னக்கொடியின் தலை தெருமுனையில் தெரிந்ததுமே பேச்சிக்கனி மகளைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். வீட்டில் உப்பு இருக்கும்போதே உப்பு வாங்கி வரச் சொல்லுவாள். அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை. புகையிலைத் தூள் ஒட்டிய கையாலேயே மகளின் காதைப் பொத்த எழுந்தாள்.

வடிவு அத்தையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யம்மா, அத்தை ஏன் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுதாவ?"

அன்னக்கொடிக்கு ஏச்சு நின்றுபோனது. குனிந்து, "ஏட்டி, முறுக்கு நல்லாருக்கா?" என்று கேட்டாள். நல்லாயிருக்கிறது என்று வடிவு தலையாட்டினாள். அன்னக்கொடி மறுபடியும் நிமிர்ந்து, ஊரில் யாருமே பிள்ளைகள் முன்னால் சொல்லாத ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். வடிவு அடுத்த முறுக்கை எடுத்தாள். பேச்சிக்கனி நின்ற இடத்திலேயே சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது, ஏசியவளுக்கே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதே மத்தியானம் குழாயடியில், அதே மத்தியானம் சலூனில், அதே மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசையில் இதுவே நடந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. பெரியவர்கள் பேசுகிற பெரிய விஷயம் எதுவும் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை, மற்றதெல்லாம் கேட்டது. தண்ணீர்த் தொட்டியில் யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள், செல்போன் கோபுரம் வந்ததால்தான் என்று சிலர் சொன்னார்கள், காதுக்கு டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. கிடைத்தது நல்லதென்று தோன்றினால் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஊர்க்கிணற்றுப் பக்கம் பேர் இல்லாமல் கிடந்த ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, காதடைத்த அம்மன் என்று பேர் வைத்து, ஊர் கூடிப் பொங்கல் வைத்தது. முதல் பானையை இறக்கியவள் பேச்சிக்கனி.

"எம்புள்ள எதையும் கேக்காம வளருவா. எனக்கு இது போதும்" என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். ஆறு வயதிலேயே எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தவள் அவள். குளிக்கப் போன சித்தி ஏன் திரும்பி வரவில்லை என்பதைச் சுவரோரம் படுத்துத் தூங்குவதுபோல் நடித்துக் கேட்டவள். அந்த இரவு அவளுக்குள் இன்னும் விடியவில்லை.

ஊர் இந்தப் புதுமைக்கு எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்பதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். முதலில் கிசுகிசுப்பு ஒழிந்தது. பிறகு, பிள்ளைகள் தூங்கட்டும் என்று காத்திருப்பது ஒழிந்தது. ஆண்கள் பட்டப்பகலில் வீட்டுக்கு நடுவே நின்று கெட்ட வார்த்தை பேசினார்கள், பெண்கள் யார் யாரோடு போனாள் என்பதை மடியில் பிள்ளையை வைத்துத் தலைசீவியபடி பேசினார்கள். பக்கத்து ஊர்ப் பையனோடு ஓடிப்போன தங்கையை என்ன செய்வது என்று ஒரு வீட்டில் அண்ணன்மார் கூடிப் பேசியபோது, சுற்றிலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சில பாடப் பக்கங்கள் பிள்ளைகளின் கண்ணுக்கு வெறும் காகிதமாகத் தெரிந்தன. ஆதலால் வாத்தியார்கள் அந்தப் பாடங்களைத் தாண்டிப் போனார்கள், அவர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. கீழத்தெருவுக்கு விளையாடப் போகாதே என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கேட்டது. ஏன் போகக்கூடாது என்று சொன்னது கேட்கவில்லை. அவர்கள் போகாமல் இருந்தார்கள்.

வருஷங்கள் போகப் போக உடங்கரைக்கு ஒரு பேர் வந்தது. தூரத்து ஊர்களிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்கள், வயதான மாப்பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும். "உங்க ஊருப் புள்ளைக ஒண்ணும் தெரியாததுகளாமே" என்று ஆசையோடு கேட்டார்கள். ஊர் பெருமையோடு தலையாட்டியது.

அப்படிக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் வடக்குத்தெரு மாரிச்செல்வி. வடிவை விட இரண்டு வயது மூத்தவள். அந்தக் கல்யாணத்தில் பேச்சிக்கனி பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள், நல்ல இடம் என்று சொன்னாள். மாரிச்செல்வி ஒரு மாதத்துக்குள் தனியாக பஸ் ஏறித் திரும்பி வந்தாள். அவளுக்குக் காது திறந்துவிட்டிருந்தது, எல்லாமே கேட்டது. பம்புசெட்டில் துணி துவைக்க வந்த சின்னப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வாய் அசைவதைப் பார்த்து அந்தப் பெண்கள் ஊமை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார்கள், பதிலுக்குத் தாங்களும் வாயை அசைத்துக் காட்டினார்கள். மாரிச்செல்வி அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் பேசவில்லை. அவளுடைய அப்பா அவளை மறுபடியும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வடிவுக்குப் பதின்மூன்று முடிந்த சமயம், ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வெளிறிப்போன முகத்தோடு வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சிக்கனிக்கு விஷயம் புரிந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, பயப்படாதே என்று சொன்னாள், அது கேட்டது. எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னது கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி சொன்னாள், சொல்லச் சொல்ல வடிவு அம்மாவின் உதடுகளையே பார்த்து மேலும் நடுங்கினாள். அம்மாவால் சொல்லக்கூட முடியாத அளவுக்கு வந்திருக்கிற நோய் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அவளைத் தனியாக உட்காரவைத்தார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள், மாமன் சீர் கொண்டுவந்தார், ஊரே வந்து தலையில் தண்ணீர் ஊற்றியது. சாகப்போகிற பிள்ளை என்று எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போவதாக வடிவு நினைத்தாள். கிளிப்பு, ரிப்பன், ஒரு பாசிமாலை என்று தன்னிடம் இருந்ததையெல்லாம் தோழிகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தாள். ரத்தம் நின்றபோது உளுந்தங்களியால்தான் பிழைத்தோம் என்று நம்பினாள். அடுத்த மாதம் மறுபடியும் சாகத் தயாரானாள்.

அன்றுதான் பேச்சிக்கனி காதடைத்த அம்மனிடம் போய், "போதும் தாயே, தொறந்துவிட்டுரு" என்று முதல் தடவையாகக் கேட்டாள். மஞ்சள் பூசிய கல் மஞ்சள் பூசிய கல்லாகவே இருந்தது.

அந்த வருஷம் அன்னக்கொடியின் மருமகள் பிரசவத்தில் செத்துப்போனாள். அன்னக்கொடியின் மகன் கொம்பையாவுக்கு முப்பது வயது, கையில் பெண் குழந்தை. வடிவு பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டுக்கு ஓடினாள். பாப்பாவுக்குச் சங்கில் பால் புகட்டினாள், மை வைத்தாள், தோளில் போட்டுத் தட்டினாள், பாப்பாவும் வடிவின் குரலைக் கேட்டால்தான் அழுகையை நிறுத்தியது. பாப்பாவின் அம்மா எங்கே என்று கேட்டதற்கு யாரோ ஏதோ சொன்னார்கள், வடிவுக்குக் கேட்கவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி வெற்றிலைத் தட்டோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி தவசிலிங்கம் அக்காள் சொன்னதைத் தட்டிப் பேசியறியாதவர். வடிவு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள், அவளை எழுந்து போகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"வர்ற வைகாசில முடிச்சிருவோம் தம்பி. வேற ஒருத்தி வந்தா எம்பேத்திய மாத்தாந்தாய்க் கொடுமை பண்ணுவா. இவளுன்னா உசுர விடுதா அது மேல."

"அவளுக்குப் பதினாலுதான் மைனி" என்றாள் பேச்சிக்கனி.

"பதினாலு என்ன, பச்சப்புள்ளயா? பெரிய மனுஷி ஆயாச்சுல்லா."

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன நடக்கப்போகுதுன்னே தெரியாது."

"அதத்தாம்ட்டி நானும் சொல்லுதேன்" என்று அன்னக்கொடி வெற்றிலையைக் கிள்ளியபடி சிரித்தாள். "தெரிஞ்சவளக் கட்டிவச்சா ஆயிரம் கேள்வி கேப்பா. தெரியாத புள்ளைக்கு என்ன கஷ்டம்? பாப்பாவ வச்சிருப்பா, சோறு பொங்குவா, அவன் சொன்னதக் கேப்பா. நீ ஏன் பயப்படுத? அவளே பயப்படலையே."

பேச்சிக்கனி புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

தவசிலிங்கம் மகளைப் பார்த்தார். மகள் ஒரு கை நிறைய உடைத்த கடலையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா சொன்னாச் சரியாத்தான இருக்கும்" என்றார்.

அன்னக்கொடி திரும்பி வடிவிடம், "ஏட்டி, பாப்பாவ நீயே வச்சுக்கிடுதியா, எப்பவும்?" என்று கேட்டாள். வடிவு எழுந்து குதித்தாள்.

வைகாசி வரைக்கும் பேச்சிக்கனி என்னென்னவோ செய்து பார்த்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டினாள், வடிவுக்கு ஈரத் துணியால் துடைத்த சிலேட்டுதான் தெரிந்தது. கைச்சாடையில் காட்டினாள், வடிவும் கூடவே கையை ஆட்டி ஆடினாள். கடைசியில் கதையாகச் சொன்னாள். ஒரு காட்டில் ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு இருந்தது, அதற்கு ஒரு கிழட்டு வல்லூறு தங்கக் கூடு செய்து கொடுத்தது, குஞ்சும் சந்தோஷமாகக் கூட்டுக்குள் போனது என்றாள். வடிவு கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கூட்டுக்கதவு சாத்தியதும் வடிவின் காதில் அம்மாவின் குரல் நின்றுபோனது, உதடு மட்டும் அசைந்தது.

"பெறகு? பெறகு என்னம்மா? கிளி அங்கயே நல்லா இருந்துச்சா?"

பேச்சிக்கனி மகளின் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வெளியூர்க்காரர், இந்த ஊரின் பொங்கலில் கலந்துகொள்ளாதவர். புகார் சொல்ல வேண்டிய நம்பரை டீச்சர் தன் போனிலேயே அழுத்திக் கொடுத்தார். "உங்க வாயால சொல்லுங்கம்மா. நான் சொன்னா, வேலையத்த டீச்சர்னு எடுத்தெறிஞ்சிருவாங்க." பேச்சிக்கனி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் புருஷன் பேரை, மகள் வயதை, முகூர்த்த நேரத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

முகூர்த்தத்தன்று பந்தலுக்கு ஜீப் வந்தது. இரண்டு பெண் அதிகாரிகளும் ஒரு போலீஸ்காரரும் இறங்கினார்கள். வடிவு சிவப்புப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூவோடு, மடியில் பாப்பாவை வைத்து உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கும் சிவப்பில் சட்டை போட்டிருந்தார்கள். மூத்த அதிகாரி குனிந்து, "கண்ணு, இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். வடிவுக்கு 'சம்மதமா' என்பது மட்டும் கேட்டது. பாப்பாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "சம்மதம்! ரொம்பச் சம்மதம்!" என்றாள். பந்தல் சிரித்தது. கொம்பையாகூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"புள்ளையே சொல்லிட்டா, பெறகு என்ன?" என்றாள் அன்னக்கொடி. "எந்தக் கூறுகெட்டவ உங்களுக்கு போன் போட்டா?"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். பேர் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் பேச்சிக்கனி முன்னால் வந்தாள்.

"நான்தான்" என்றாள். "எம்மகளுக்குப் பதினாலு வயசு. நான்தான் போன் போட்டேன்."

சட்டம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கொம்பையாவிடமும் தவசிலிங்கத்திடமும் எழுதி வாங்கினார்கள், பந்தல்காரன் வாழைமரத்தை அவிழ்த்தான், அண்டா நிறையச் சாம்பார் ஆறிப்போனது. அன்னக்கொடி வந்து வடிவின் மடியிலிருந்து பாப்பாவைப் பிடுங்கினாள். பாப்பா வடிவின் பட்டைப் பற்றிக்கொண்டு வீறிட்டது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "உங்கம்மாதான் குடுக்கக் கூடாதுங்கா. அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி நடந்தாள். இது முழுதும் வடிவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா?" என்று அவள் கேட்டாள். "பாப்பாவ எனக்கு ஏம்மா குடுக்கக் கூடாதுன்னு சொன்ன?"

பேச்சிக்கனி சொன்னாள். பந்தலில் நின்று சொன்னாள், வீட்டுக்குள் வந்து சொன்னாள். "இனிமே இந்த வாசல்ல நிக்காத" என்று தவசிலிங்கம் துணிமூட்டையைத் தெருவில் எறிந்த பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்றும் சொன்னாள். ஊர் எல்லையைத் தாண்டினால் கேட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. பஸ் எல்லையைத் தாண்டியது, உடைமரங்கள் முடிந்து பருத்திக்காடு வந்தது, கோவில்பட்டி வெளிச்சம் தெரிந்தது, அவள் தன் சித்தியிலிருந்து தொடங்கி மாரிச்செல்வி வரைக்கும் மகளிடம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வடிவு கொஞ்சநேரம் அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கொம்பையாவுக்கு மேலத்தெருவில் வேறொரு பிள்ளையைப் பார்த்து ரகசியமாக முடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. பேச்சிக்கனி அதைக் கேட்டு, அப்பாடா என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இந்தத் தடவை அவள் யாருக்கும் போன் போடவில்லை.

கோவில்பட்டியில் ஒரு மாணவர் விடுதிச் சமையற்கட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. வடிவு படித்தாள், நன்றாகப் படித்தாள். அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக எதையும் சொல்லமாட்டாள். வளர்ந்தும் காது திறக்கவில்லை. கூடப்படிக்கிற பெண்கள் கூடிப் பேசும்போது சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும், எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவைக்கப் பழகிக்கொண்டாள். பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்தாள். பாடம் பாதி வெறும் காகிதமாக இருந்தது. தெரிந்த பாதியை வரிவிடாமல் மனப்பாடம் செய்து எழுதித் தேறினாள்.

இரண்டாம் வருஷம் பிரசவ வார்டில் போட்டார்கள். அதற்கு மறுநாள் காலை அவள் வீட்டுக்கு வந்தபோது பேச்சிக்கனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வடிவு சீருடையோடு தரையில் உட்கார்ந்தாள். எங்கோ பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்துகொண்டிருந்தது, வடிவு ஒரு கெட்ட வார்த்தைக்குத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்டதும் பேச்சிக்கனி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"கேக்குதா?"

"கேக்கு."

பேச்சிக்கனி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு புள்ளையக் கொண்டுவந்தாங்க" என்றாள் வடிவு. "நம்ம உடங்கரைப் புள்ள. பதினஞ்சு வயசு. வயித்துல என்ன இருக்குன்னே அவளுக்குத் தெரியல. டாக்டரம்மா சொல்லுதாங்க, சிஸ்டர் சொல்லுதாங்க, அவளுக்குக் கேக்கவே இல்ல. யக்கா, எனக்கு என்ன நடக்கு, யாராவது சொல்லுங்களேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டுக் கத்துதா. அப்பதாம்மா எனக்குக் காது தொறந்துச்சு. டாக்டரம்மா சொன்னது முழுசும் கேட்டுச்சு. ஒடனே நான் அவகிட்டச் சொன்னேன். நான் சொன்னதும் அவளுக்குக் கேக்கல."

"நானும் ஒனக்குச் சொன்னேன் தாயி" என்றாள் பேச்சிக்கனி. குரல் கெஞ்சியது. "பஸ்ல பூரா சொல்லிக்கிட்டேதான் வந்தேன்."

"தெரியும். நேத்துதான் தெரிஞ்சுது." வடிவு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேச்சிக்கனிக்குத் தாங்கியிருக்கும். "ஆனா எங்க காது அடைபட்ட அன்னைக்கு நீங்கல்லாம் சேந்து பொங்கல் வச்சீங்களேம்மா, அது எதுக்கு? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்கதுக்கா, இனிமே எங்க முன்னால எதையும் பேசலாம், எதையும் செய்யலாம்ங்கதுக்கா?"

பேச்சிக்கனி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். மகளுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விட்டாள். "அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

வடிவு சொன்னாள். எந்த நேரத்தில் என்ன ஆனது, ரத்தம் எப்படி நிற்காமல் போனது, அந்தப் பிள்ளை கடைசியாக யாரைக் கூப்பிட்டாள், வெளியே நின்ற அவளுடைய அம்மா கதவைத் தட்டித் தட்டி என்ன கேட்டாள் என்று எதையும் மறைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். பேச்சிக்கனி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது.